3 வயசு, 6 வயசு: படப்புத்தகம், காமிக்ஸ், சினிமா எல்லாம் எப்படி பார்த்து எடுக்கறீங்க?

கொங்குநாட்டு அம்மா:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்கறேன். எனக்கு ரெண்டு பசங்க, பையனுக்கு 6, பாப்பாவுக்கு 3. பொறந்தநாளுக்கு வர்றவங்க எல்லாம் பேசி வச்ச மாதிரி ஒரே வகை புக்கு குடுக்கறாங்க, தடி அட்டை, வழுவழு பேப்பர், உள்ள நூத்துக்கணக்குல நீதிக்கதை, கம்ப்யூட்டர்ல போட்ட படம், அதுல சிங்கமும் எலியும் ஒரே மாதிரி இளிச்சுட்டு நிக்குது. ரெண்டு பக்கம் படிக்கறதுக்குள்ள பாப்பா எந்திரிச்சு போயிர்றா. பையன் இப்ப எழுத்துக்கூட்டி தமிழ் படிக்கறான், காமிக்ஸ் வேணும்னு அடம், அவங்க அப்பா காமிக்ஸ் பழகிட்டா அப்புறம் புக்கே தொடமாட்டான்னு சொல்றாரு. லீவு வந்தா தியேட்டர் வேற. குடும்பப் படம்னு நம்பி போனா இன்டர்வெல்லுக்கு முன்னாடியே வெட்டுக்குத்து. லிஸ்ட் வேண்டாங்க, லிஸ்ட் எங்க பார்த்தாலும் கிடைக்குது. கடைல நின்னு எதை வச்சு எடுக்கறது, எதை வைக்கறதுன்னு சொல்லுங்க. பட்ஜெட் கம்மிதானுங்க.

புத்தகப்பூச்சி:
லிஸ்ட் வேண்டாம்னீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது. நான் சென்னைல சனிக்கிழமை ஆனா பசங்களுக்கு கதை படிச்சுக் காட்டற ஆளு, அதனால கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

கடைல நான் முதல் பக்கத்தையே பார்க்க மாட்டேன். நடுவுல பிரிச்சு எழுத்தை கையால மறைச்சுட்டு படத்தை மட்டும் பார்ப்பேன். படம் தானா ஏதாவது சொல்லுதா? எழுத்துல பாட்டி தூங்கினாள்னு இருக்கு, படத்துல பாட்டி தூங்கறப்ப பூனை கட்டிலுக்கு அடியில மீன் சட்டிய உருட்டிட்டு இருக்குன்னு வைங்க, அது படப்புத்தகம். எழுத்துல இருக்கறதையே படமும் திருப்பி சொல்லிச்சுன்னா அது சும்மா படம் போட்ட புத்தகம். படிக்கத் தெரியாத 3 வயசு புள்ள அந்த பூனையத்தான் முதல்ல பிடிக்கும். நாம எழுத்தையே பார்த்துட்டு இருப்போம், நமக்கு தெரியாது. "உனக்கு தெரியல, எனக்கு தெரிஞ்சுது"ங்கற அந்த கெத்துக்காகவே அதே புக்கை திரும்பத் திரும்ப தூக்கிட்டு வரும்.

ரெண்டாவது, ஒரு பக்கம் வாய்விட்டு படிங்க. கடைக்காரர் பார்த்தா பார்க்கட்டும். நாப்பது தடவை படிக்கப்போறது நீங்கதான், உங்க நாக்குல அது உருளலைன்னா பத்தாவது நாளே புக்கை பரண்ல போட்டுருவீங்க. பாப்பாவுக்கு பக்கத்துக்கு ரெண்டு வரி போதும். பையன் தானா படிக்கணும்னா எழுத்து பெருசா இருக்கா, வரிக்கு வரி நடுவுல இடம் விட்டிருக்காங்களா, "போய்க்கொண்டிருந்தபொழுது" மாதிரி கூட்ஸ் வண்டி கணக்கா நீண்டு போற சொல்லு எத்தனை வருதுன்னு பாருங்க. பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்தா பரவால்ல, வரிக்கு ஒண்ணு வந்தா அது அவனுக்கு நீங்க படிச்சு சொல்ற புக்கு, அவன் படிக்கற புக்கு இல்ல.

யாரோடது எடுக்கலாம்னா, சென்னை தூலிகா 1996லேர்ந்து போடறாங்க, ஒரே புக்குல தமிழும் இங்கிலீஷும் பக்கத்துப் பக்கத்துல இருக்கற இருமொழி புக்கு அவங்ககிட்ட நிறைய. நேஷனல் புக் டிரஸ்ட் 1957ல ஆரம்பிச்ச அரசாங்க நிறுவனம், விலை ரொம்ப கம்மி, அட்டை பார்க்க சாதுவா இருக்கும், உள்ள சில புக்குல படம் பிரமாதம். பாரதி புத்தகாலயம் 'புக்ஸ் ஃபார் சில்ரன்'னு தனியாவே போடறாங்க. அப்புறம் பட்ஜெட் கம்மின்னு சொன்னீங்கல்ல, பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்னு ஒரு வெப்சைட், 2015லேர்ந்து இருக்கு, அத்தனையும் இலவசம், திறந்த உரிமத்துல விட்டிருக்காங்க, டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்துக்கறதுல தப்பே இல்ல. லெவல் 1லேர்ந்து 4 வரைக்கும் பிரிச்சு வச்சிருக்காங்க, பாப்பாவுக்கு 1 எடுங்க, பையன் தானா படிக்க 1ம் 2ம். தமிழ்ல யாரு வேணா மொழிபெயர்த்து ஏத்தலாம்ங்கறதால சிலது கரடுமுரடா இருக்கும், நீங்க ஒரு தடவை படிச்சுட்டு அப்புறம் பிரிண்ட் போடுங்க.

நெல்லை அல்வா:
எல்லாம் சரிதான், ஆனா நீதி இல்லாம கதை எதுக்குன்னு எனக்கு புரியல. எங்க ஆச்சி சொன்ன கதை எல்லாத்துலயும் கடைசில ஒரு புத்திமதி இருக்கும். இப்ப வர்ற புக்கை பிரிச்சா ஒரு புள்ள குடை தேடுது, கிடைக்குது, முடிஞ்சுட்டு. இதுக்கு 60 ரூபாயா?

புத்தகப்பூச்சி:
ஆச்சி மடியில உக்கார வச்சு சொன்னதுல நீங்க கேட்டது ஆச்சி குரலை சார். புத்திமதிய மட்டும் தனியா எடுத்து அச்சடிச்சா அது ஸ்கூல் சுவர்ல எழுதற வாசகம். குடை தேடற புள்ள கதைல 3 வயசுக்கு பெரிய சஸ்பென்ஸ் இருக்கு, உங்களுக்கு இல்ல அவ்ளோதான்.

திண்ணை தாத்தா:
அல்வா தம்பி கோவிச்சுக்காதீங்க, வயசானவன் ஒண்ணு சொல்றேன். நீதிக்கதைன்னா எல்லாரும் பஞ்சதந்திரத்தை கை காட்டுவாங்க. அதை முழுசா படிச்சா உண்மைய பேசு, பெரியவங்க பேச்சை கேளுங்கற சமாச்சாரமா அதுல நிறைஞ்சிருக்கு? விஷ்ணுசர்மா ராஜாவோட மூணு மந்த பசங்களுக்கு பொழைக்கற சாமர்த்தியத்தை சொல்லிக் குடுக்கறான். குரங்கு முதலைகிட்ட "என் இதயத்தை மரத்துல வச்சுட்டு வந்துட்டேன்"னு சொல்லுதே, அது பச்சைப் பொய். பொய் சொல்லித்தான் தப்பிக்குது. புள்ளைங்க அதுக்குத்தான் கைதட்டும்.

அப்புறம் விக்கிரமாதித்தன் வேதாளம். ஒவ்வொரு கதையும் முடியறப்ப வேதாளம் கேள்வி கேக்கும், பதில் தெரிஞ்சும் சொல்லலைன்னா தலை வெடிச்சிரும், சொன்னா வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிரும். நாங்க சின்னப்பசங்களா இருந்தப்ப அம்புலிமாமா வந்த அன்னிக்கு வீட்ல அதே கேள்விக்கு பதில் சொல்லி பெரிய சண்டையே நடக்கும். 1947 ஜூலைல நாகிரெட்டியும் சக்கரபாணியும் சேர்ந்து ஆரம்பிச்சது, தெலுங்குலயும் தமிழ்லயும் வந்துச்சு. விக்கிரமன் தோள்ல வேதாளத்தை போட்டுட்டு கத்தியோட நடந்து வருவானே, அந்த படம் போட்ட சங்கர் 2020லதான் காலமானாரு. கதைய முடிச்சுட்டு "இதனால் அறிவது"ன்னு ஆரம்பிக்காதீங்க, "யாரு செஞ்சது சரி?"ன்னு கேளுங்க. பேரன் சொல்ற பதில் கேக்கவே தமாஷா இருக்கும்.

கௌபாய் ரசிகன்:
என் ஏரியா வந்துருச்சு.

அக்கா, உங்க வீட்டு சார் கிட்ட சொல்லுங்க, காமிக்ஸ் படிச்சு கெட்டவன் எனக்கு தெரிஞ்சு யாருமில்ல, காசு கரைஞ்சவன் நிறைய பேரு இருக்கான். எழுத்துக்கூட்டற பையனுக்கு காமிக்ஸ்ல ஒரு லாபம் இருக்கு. பேச்சு எழுதற பலூன்ல நாலு அஞ்சு சொல்லுதான் இருக்கும், அது பேச்சு, அதை யார் சொல்றாங்கன்னு படத்துலயே தெரியுது, கோவமா சொல்றானா பயந்து சொல்றானாங்கறது மூஞ்சில தெரியுது. ஒரு பலூனை முடிச்சாலே ஒரு விஷயத்தை படிச்சு முடிச்ச திருப்தி. பாராவா இருந்தா மூணாவது வரில மூச்சு வாங்கிரும்.

ஆனா தமிழ் காமிக்ஸ்னதும் நேரா சிவகாசி பக்கம் ஓடிராதீங்க. அங்கதான் முத்து காமிக்ஸ் 1972ல இரும்புக்கை மாயாவியோட வந்துச்சு, அப்புறம் 1984ல லயன். அதுங்க என் உசுரு, வாரிசு மாதிரி கட்டி காப்பாத்திட்டு இருக்கேன். ஆனா லயனோட முதல் இதழ் ஹீரோயினே பெரியவங்களுக்கான உளவுக் கதைல வர்ற மாடஸ்டி பிளைஸி, அதுலயே புரிஞ்சிருக்கும் யாருக்கு போட்டாங்கன்னு. கௌபாய் ஹீரோ டெக்ஸ் வில்லர் பக்கத்துக்கு பக்கம் சுடுவாரு, எழுத்தும் பொடிசு, அதெல்லாம் எங்கள மாதிரி தொப்பை போட்ட பசங்களுக்கு. 6 வயசுக்கு அவங்க போட்டதுலயே லக்கி லூக், ஸ்மர்ஃப் எடுங்க. அதுவும் முதல்ல நீங்க படிச்சு சொல்ற மாதிரி. லக்கி லூக்ல ஒரு சுவாரசியம், 1946ல வந்த அந்த கௌபாய் வாயில எப்பவும் சிகரெட் இருக்கும், 1983லதான் அதை வரைஞ்ச மோரிஸ் அதை எடுத்துட்டு ஒரு புல்லை வச்சாரு, அதுக்கு 1988ல உலக சுகாதார நிறுவனமே அவரை பாராட்டுச்சு. அதனால பழைய கதையா புதுசான்னு வாயைப் பார்த்தே சொல்லிரலாம். சிகரெட் கதைய பையன் கையில குடுக்கலாமான்னா என் வீட்ல குடுத்தேன், "அந்த மாமா ஏன் புகை விடறாரு"ன்னு கேட்டான், சொன்னேன், அடுத்த பக்கம் போயிட்டான்.

இங்கிலீஷ் கொஞ்சம் வரும்னா டிங்கிள். 1980லேர்ந்து வருது, அனந்த் பை ஆரம்பிச்சது. அதுல வர்ற சுப்பாண்டி நம்ம ஊரு நாட்டுப்புறக் கதைல வர்ற வெகுளி ஆளுதான், இந்தியா பூரா போயிட்டு வந்துட்டான். ஒரு பக்கம் ரெண்டு பக்கத்துல ஜோக் முடிஞ்சிரும், தூங்கறதுக்கு முன்னாடி ரெண்டு அடிக்கலாம்.

எப்படி படிக்கறதுன்னும் சொல்லிருங்க, நாம பழகிட்டதால புள்ளைக்கும் தெரியும்னு நினைச்சுக்கறோம். எந்த கட்டம் முதல்ல, ஒரு கட்டத்துல ரெண்டு பலூன் இருந்தா எது முதல்ல, மேகம் மாதிரி இருந்தா மனசுல நினைக்கறான், முள்ளு முள்ளா இருந்தா கத்தறான். முதல் ரெண்டு கதைக்கு விரல் வச்சு காட்டுங்க, அப்புறம் கைய எடுத்துருங்க. யாராவது ஜப்பான் மங்கா பரிசா குடுத்தா அது வலது பக்கத்துலேர்ந்து இடது பக்கம் போகும், இப்பத்தான் எழுத்து பழகறவனுக்கு அது வேண்டாம்.

கொங்குநாட்டு அம்மா:
இதை அப்படியே அவர்கிட்ட காட்டினேன். "சிவகாசில வேற என்னென்ன வந்துச்சு"ன்னு கேக்கறாரு, சின்ன வயசுல இவரும் படிச்சிருப்பாரு போல 😄

பனங்கிழங்கு:
வணக்கம், நான் டொரண்டோவில இருந்து. எங்கட பிரச்சினை கொஞ்சம் வேற. மகளுக்கு 5 வயசு, வீட்டில தமிழ்தான் கதைப்பா, ஆனா புத்தகத்தை வாசிச்சா முழிப்பா. சென்றான், கூறினான், மகிழ்ந்தான் எண்டா அவவுக்கு ஒண்டும் விளங்கேல்லை. இப்ப நான் முதல் தரம் எழுத்தை வாசிக்கிறேல்லை, படத்தைக் காட்டி நாங்கள் வீட்டில கதைக்கிற மாதிரியே சொல்லுவன். கதை பிடிபட்டாப்பிறகு அடுத்தடுத்த தரம் வாசிக்கேக்க புத்தகத் தமிழைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளுக்க விடுவன். இப்ப அவவே பொம்மையளுக்கு "அவன் சென்றான்" எண்டு பெரிய ஆள் மாதிரிக் கதை சொல்லுறா. பேச்சுத் தமிழிலயே எழுதின புத்தகங்களும் வருது, ஆனா அது சென்னைப் பேச்சு, நான் அதையும் மாத்தித்தான் சொல்ல வேணும், அதால எனக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

இஞ்ச பொது நூலகத்தில தமிழ்ப் பிள்ளையளின்ர புத்தகங்கள் இருக்கு, ஸ்காபரோப் பக்கத்துக் கிளையளுக்குப் போனா கனக்க எடுக்கலாம். காசு குடுத்து வாங்கிறதுக்கு முதல் அங்க எடுத்துப் பாருங்கோ, பிள்ளை எதைத் திருப்பிக் கேக்குதோ அதை மட்டும் வாங்குங்கோ.

புத்தகப்பூச்சி:
இது நம்ம ஊருக்கும் அப்படியே பொருந்தும். கோவை புள்ளைக்கும் வீட்ல யாரும் "கூறினான்"னு பேசறதில்லையே.

ராத்திரி டியூட்டி:
குழந்தைகள் வார்டுல நர்ஸ் நான். ஸ்க்ரீன், தியேட்டர் ரெண்டும் பத்தி மட்டும் சொல்றேன்.

2021ல இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் சொன்னது, 2 வயசு வரைக்கும் ஸ்க்ரீனே வேண்டாம், எப்பவாவது சொந்தக்காரங்களோட வீடியோ கால் மட்டும் ஓகே. 2லேர்ந்து 5 வரைக்கும் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள, அதுவும் கூட யாராவது உக்காந்து. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். நடக்கற காரியமான்னா கஷ்டம்தான், எனக்கும் டியூட்டி முடிஞ்சு வந்தா கண்ணு சொருகுது, போனை குடுத்துட்டு படுக்கத்தான் தோணும். ஆனா எதை பார்க்குதுங்கறது நம்ம கையில இருக்கு. தானா அடுத்தது அடுத்ததுன்னு ஓடற வீடியோ வேண்டவே வேண்டாம். ஆரம்பம், முடிவு இருக்கற ஒரு கதைய டிவில போட்டு, முடிஞ்சதும் நிறுத்துங்க. "முடிஞ்சுது"ன்னு ஒண்ணு இருந்தாத்தான் நிறுத்தறப்ப அழுகை கம்மியா இருக்கும்.

தியேட்டருக்கு போறதுக்கு முன்னாடி சர்டிபிகேட்டை பாருங்க. முன்னாடி யுஏன்னா ஒரே வகைதான், 12 வயசுக்கு கீழ பெத்தவங்க பார்த்துக்கோங்கன்னு மொத்தமா சொல்லிருவாங்க. 2024லேர்ந்து அதையே யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+னு மூணா பிரிச்சிருக்காங்க. கவனிங்க, 16+ படத்துக்கு 3 வயசோட போனாலும் வாசல்ல யாரும் தடுக்க மாட்டாங்க, அந்த எண் நமக்கு சொல்ற தகவல், முடிவு நம்முது. ஏ மட்டும்தான் உள்ள விடக்கூடாது. பெரிய ஹீரோ, பாட்டு நல்லாருக்கு, "குடும்பத்தோட கொண்டாடலாம்"னு போஸ்டர்ல போட்டிருக்குங்கறதுக்காக போகாதீங்க, அந்த சின்ன எண்ணை தேடுங்க.

எண் சரியா இருந்தாலும் 3 வயசுக்கு தியேட்டர் சத்தமே அதிகம். இருட்டு, திடீர்னு டமார்னு சவுண்டு, எழவும் முடியாது. ஓரத்து சீட்டு எடுங்க, பயந்தா வெளிய தூக்கிட்டு வந்துருங்க, டிக்கெட் காசு போச்சேன்னு பிடிச்சு உக்கார வைக்காதீங்க. வீட்ல பார்க்கறதுக்கு வில்லனே இல்லாத படமா தேடுங்க. ஜப்பான் இயக்குநர் மியாசாகியோட அனிமேஷன் படம் டோட்டோரோ 1988ல வந்தது, 86 நிமிஷம்தான், கெட்டவன்னு ஒருத்தன் கூட கிடையாது. அம்மா ஆஸ்பத்திரில இருக்கற பகுதி மட்டும் சில குழந்தைங்களுக்கு அழுகை வரும், பக்கத்துல உக்காருங்க.

நெல்லை அல்வா:
வில்லன் இல்லாத படத்துல கதை எங்கய்யா இருக்கும்?

ராத்திரி டியூட்டி:
ஒரு பெரிய உருண்டை ஜந்து மழைல பஸ் ஸ்டாப்புல நிக்குது சார். அதுக்கே என் பொண்ணு ஒரு வாரம் குடைய கீழ வைக்கல.

நெல்லை அல்வா:
இங்கயும் குடையா 🤦 சரி, பாக்கேன்.

மல்லிகா அத்தை:
யாரும் சொல்லலையேன்னு பார்த்துட்டு இருந்தேன். படத்துல நிறத்தை பாருங்க. அரக்கன்னா கருப்பு, ராஜகுமாரின்னா ரோஸ் கலர், அம்மான்னா எப்பவும் அடுப்படி. அமர் சித்திரக் கதை 1967லேர்ந்து வருது, எங்க வீட்லயே அலமாரி நிறைய இருக்கு, புராணம் தெரிஞ்சுக்க அதைவிட சுலபமான வழி இல்லைன்னு ஒத்துக்கறேன், ஆனா பழைய இதழ்கள்ல அசுரர்களை எப்படி வரைஞ்சிருக்காங்கன்னு கவனிங்க. மாநிறமா இருக்கற என் பேத்தி அந்த பக்கத்தை காட்டி "இது என் கலர்"ன்னா. நான் என்னத்த சொல்ல?

கௌபாய் ரசிகன்:
அத்தை எல்லாத்துலயும் அரசியல் பார்த்தா ஒரு புக்கும் வாங்க முடியாது. அது அந்த காலத்து படம்.

மல்லிகா அத்தை:
தூக்கிப் போடுன்னு நான் சொல்லவே இல்ல தம்பி. அலமாரில இருக்குன்னுதானே சொன்னேன். அது ஒண்ணு மட்டும் இருக்கக் கூடாது. அவ மாதிரி தலைமுடி, அவ மாதிரி நிறம், அவ தெரு மாதிரி தெரு இருக்கற புக்கும் பக்கத்துலயே இருக்கணும். இப்ப சின்ன பதிப்பகங்கள்ல அப்படி வருது, மீன்பிடிக்கற வீட்டு புள்ள, சக்கர நாற்காலில வர்ற பையன்னு. சிகரெட்டை புல்லா மாத்தினது சரின்னா இதுவும் சரிதான்.

நெறியாளர்:
இதுவரைக்கும் நல்லா போகுது, இப்படியே போகட்டும். இதுக்கு நடுவுல கட்சி பேர் போட்டு வந்த ரெண்டு பதிவை நீக்கியாச்சு.

புத்தகப்பூச்சி:
அத்தை சொன்னதோட இன்னொண்ணு. சென்னை தாரா புக்ஸ், 1994லேர்ந்து இருக்காங்க, கோண்டு ஓவியர்கள் மாதிரி நம்ம நாட்டு பழங்குடி கலைஞர்களை வச்சு புக்கு போடறாங்க, சிலது கைல செஞ்ச பேப்பர்ல கையாலயே ஸ்க்ரீன் பிரிண்ட் போட்டது. கருப்பு பேப்பர்ல மரங்களா வர்ற ஒரு புக்கு இருக்கு, 2008ல இத்தாலி பொலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சில விருது வாங்கினது, பெரியவங்களே வாயப் பொளந்துட்டு பார்ப்பாங்க. ஆனா விலை ஜாஸ்தி, 3 வயசு கையில தனியா விட்டுராதீங்க, மடில வச்சு காட்டுங்க. சிங்கமும் எலியும் ஒரே மாதிரி இளிக்கற புக்கை பார்த்து சலிச்ச கண்ணுக்கு, படம்னா இப்படியும் இருக்கும்னு தெரியறதுக்காக வருஷத்துக்கு ஒண்ணு வாங்கலாம். ஜனவரில நந்தனம் புத்தகக் கண்காட்சிக்கு வர முடிஞ்சா பிரிச்சாவது பாருங்க.

கொங்குநாட்டு அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து அந்த இலவச சைட்லேர்ந்து மூணு கதை பிரிண்ட் எடுத்தேன், கலர் பிரிண்ட் கடைல பக்கத்துக்கு 10 ரூபா கேட்டாங்க, யோசிச்சுட்டு கருப்பு வெள்ளைலயே எடுத்துட்டேன். பையன் கிரேயான் எடுத்து அவனே கலர் அடிச்சுட்டான், யானைக்கு பச்சை. இன்னும் ரெண்டு சந்தேகம். லைப்ரரில சின்ன பசங்களை விடுவாங்களா? பாப்பா கிழிச்சா என்ன பண்றது?

திண்ணை தாத்தா:
தாராளமா விடுவாங்க. சென்னைல கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல குழந்தைங்களுக்குன்னே தனிப் பகுதி, மதுரைல 2023 ஜூலைல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துலயும் இருக்கு. உங்க ஊர் கிளை நூலகத்துல சிறுவர் அலமாரி எங்கன்னு கேளுங்க, பூட்டி இருந்தா திறக்கச் சொல்லி கேளுங்க. புள்ளைங்க கேட்டு வந்தாத்தான் அந்த பூட்டுக்கு சாவி கிடைக்கும், நான் எங்க ஊர்ல அப்படித்தான் திறக்க வச்சேன். உறுப்பினர் கட்டணம் கொஞ்சம்தான்.

புத்தகப்பூச்சி:
கிழிக்கறதுக்கு: பாப்பாவுக்கு கைக்கு எட்டற தட்டுல தடி அட்டை போர்டு புக்கு ரெண்டு மூணு மட்டும் வைங்க, பேப்பர் புக்கு மேல் தட்டுல, கேட்டா எடுத்து குடுங்க. கிழிஞ்சா செலோடேப் போடாதீங்க, வெயிலுக்கு மஞ்சளாகி ஒட்டு கசிஞ்சு பக்கம் பக்கமா பிடிச்சுக்கும். மெல்லிசா டிஷ்யூ பேப்பரை கிழிச்சு மைதா பசைல ஒட்டுங்க, பாப்பாவையே ஒட்டச் சொல்லுங்க.

பனங்கிழங்கு:
மைதாப் பசை பூச்சி அரிக்கும் அக்கா, கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுறவை.

புத்தகப்பூச்சி:
ஐயோ அது விஷம், 3 வயசு வாயில வைக்கற புக்குல போடவே கூடாது! பூச்சி வந்தா வரட்டும். இல்லைன்னா ஸ்டேஷனரி கடைல கிடைக்கற வெள்ளை ஃபெவிகால் ரெண்டு சொட்டு, தண்ணி கலந்து. அது போதும்.

பனங்கிழங்கு:
ஓம் ஓம், சரி, அது பெரிய ஆக்களின்ர புத்தகத்துக்குத்தான்.